சுருட்டிய மாவுத்தாளும் பால் துறந்த விருந்தாளியும்

லெஸ்டர் நகரில் மாதம் ஒரு ஞாயிறு மாலை கூடிப் புத்தகம் பேசும் எங்கள் சிறு வட்டத்தில், பேசி முடித்ததும் உண்டுவிட்டுத்தான் கலைய வேண்டும் என்பது எழுதப்படாத விதி. கூட்டம் வீட்டுக்கு வீடு மாறினாலும் மேசையில் இருப்பவை பெரிதாக மாறுவதில்லை. பால்கோவா, நெய்யில் பிடித்த ரவா லட்டு, எவரேனும் விடுமுறை முடிந்து வரும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த மைசூர்பாகு, கடையில் வாங்கிய கேக், ஏலக்காய் போட்ட பால் தேநீர். இவ்வட்டத்தில் ஒருவர் இரண்டாண்டுகளுக்கு முன் பாலைத் துறந்தார். மருத்துவர் சொல்லி அன்று; பால் மாட்டுக்கும் அதன் கன்றுக்கும் பண்ணையில் நேர்வதைப் படித்தறிந்து, இனி வேண்டாம் என்று தாமே முடிவெடுத்தார். அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு நாளும் பிரசங்கம் செய்ததில்லை. நாங்கள்தாம் அவரைக் கேள்விகளால் துளைத்தோம். தயிர்கூடவா? நெய்யில் என்ன கொலை இருக்கிறது? கிருஷ்ணன் வெண்ணெய் தின்னவில்லையா? கேள்விகள் தீர்ந்தபின் அவருக்கு ஒரு தட்டில் வாழைப்பழம் வைக்கத் தொடங்கினோம். ஏறத்தாழ ஓராண்டு அந்த வாழைப்பழம் தொடர்ந்தது.

தி. ஜானகிராமனின் சிறுகதைகளைப் பேசிய ஒரு மாலை. காப்பியையும் சாப்பாட்டையும் பற்றி அவர் எழுதும் விதத்தை ஆளுக்கு ஆள் வியந்து முடித்து மேசைக்கு எழுந்தபோது, நண்பர் தம் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நீங்கள் சாப்பிடுங்கள், நான் வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. இரண்டு மணி நேரம் உபசாரத்தைப் பற்றியே பேசிவிட்டு ஒருவரைப் பசியோடு அனுப்பினோம் என்பது அவர் போனபின்புதான் எங்களுக்கு உறைத்தது.

அடுத்த மாதம் கூட்டம் எங்கள் வட்டத்தின் மூத்தவரான யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீட்டில். அடுப்பிலிருந்து எடுத்து அரைமணி நேரம்கூட ஆகாத, அகலமான செவ்வகத் தட்டு ஒன்றை மேசை நடுவில் வைத்தார். பொன்னிறமாக உப்பிய விளிம்பு, நடுவில் வரிசையாக அடுக்கிய ஊதாப் பிளம் துண்டுகள், மேலே பாகு போன்ற பளபளப்பு. நண்பர் வழக்கம்போல் எட்டவே நின்றார்.

"அக்கா, இதில பட்டர் இருக்குமே?"

"இல்லைப் பிள்ளை. பாலும் இல்லை, முட்டையும் இல்லை. மாவு வந்த பெட்டி அங்க கிடக்கு, எடுத்து வாசிச்சுப் பார்."

அவர் எடுத்து வாசித்தார். இரண்டு துண்டு உண்டார். வீட்டுக்கும் ஒன்று கட்டிக்கொண்டார். அதற்குள் எங்களுள் ஒருவர், "அப்ப மாவு நீங்க செஞ்சதில்லையா? கடையில வாங்கினதா?" என்று கேட்டுவிட்டார். கேட்டவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் அக்காவின் முகம் சற்றே வாடியது. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு நாங்கள் எழுதும் பதில். கேட்டவரும் இதில் பங்கேற்கிறார்.

முதலில் பண்டத்தைச் சொல்லிவிடுகிறோம். சென்னையில் 'பேஸ்ட்ரி' என்று கேட்டால் கிரீம் தடவிய கேக் துண்டைத் தருவார்கள். நாங்கள் சொல்வது அதுவன்று. பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் முட்டை பஃப்ஸின் மேலோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கடித்ததும் சட்டை முழுக்க உதிரும் அந்தப் படலங்கள்தாம் பஃப் பேஸ்ட்ரி. அதைச் சுடாத நிலையில் மெல்லிய தாளாகத் தேய்த்து, எண்ணெய்க் காகிதத்தோடு சுருட்டி, பிரிட்டனின் எந்தப் பல்பொருள் அங்காடியிலும் குளிர்பெட்டியில் வைத்து விற்கிறார்கள். வழக்கமான சுருள் 320 கிராம். விரித்தால் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நீளம், 23 சென்டிமீட்டர் அகலம்.

செய்முறை இரண்டு வாக்கியத்தில் அடங்கும் என்று அக்கா சொன்னார். உண்மையில் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அடுப்பை 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றும்போதே, ஒரு வெறுந்தட்டையும் உள்ளே வைத்துக் காயவிட வேண்டும். குளிர்ந்த தட்டில் வைத்தால் அடிப்பக்கம் வேகாமல் நமநமவென்று நின்றுவிடும். நாங்கள் முதலில் செய்த இரண்டும் அப்படித்தான் போயின. தாளை விரித்து, விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உள்ளே, கத்தி நுனியால் ஆழமாக வெட்டிவிடாமல் ஒரு சட்டம் கீற வேண்டும். சட்டத்துக்கு உள்ளே முள்கரண்டியால் நெடுகக் குத்த வேண்டும். குத்திய இடம் அடங்கியிருக்கும், குத்தாத விளிம்பு எழும்பும். நடுவில் பாதாம் பொடி மூன்று மேசைக்கரண்டி தூவினால் பழச்சாற்றை அது உறிஞ்சிக்கொள்ளும். பாதாம் இல்லையென்றால் வறுத்த ரவை போதும். அதன்மேல் கொட்டை நீக்கி நறுக்கிய பிளம் அரைக் கிலோ, இரண்டு கரண்டி சர்க்கரை. விளிம்புக்கு முட்டைக்குப் பதிலாகச் சோயாப் பால் பூசலாம். வெட்டிய ஓரத்தில் பால் வழியக் கூடாது. வழிந்தால் படலங்கள் ஒட்டிக்கொண்டு எழும்ப மறுக்கும். காகிதத்தோடு தூக்கிச் சூடான தட்டில் வைத்து 25 முதல் 30 நிமிடம். வெளியே எடுத்ததும், கொஞ்சம் நீரில் இளக்கிய ஆப்ரிகாட் ஜாமைப் பழத்தின் மேல் தடவினால் அந்தப் பளபளப்பு வந்துவிடும். ஜாமை உறைய வைப்பது பழத்திலுள்ள பெக்டின். மிருக எலும்பும் தோலும் கலந்த ஜெலட்டின் அதில் இல்லை. சர்க்கரையில் மட்டும் ஒரு சிறு வில்லங்கம் உண்டு. சில நாடுகளில் கரும்புச் சர்க்கரையை மாட்டெலும்புக் கரியால் வெளுக்கிறார்கள். பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து எடுக்கும் சர்க்கரைக்கு அக்கரி தேவைப்படுவதில்லை.

கோடையில் வேறு வகை. தாளைப் பழமில்லாமல் சுட்டு, உப்பிய நடுவை அமுக்கி ஆறவிட்டு, கஸ்டர்ட் நிரப்பி, மேலே பழம். முட்டையில்லாமல் கஸ்டர்ட் எப்படி என்று வியப்போருக்கு ஒரு செய்தி: கஸ்டர்ட் பவுடரில் முட்டை எந்நாளும் இருந்ததில்லை. 1837-ல் பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட், முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காகச் சோளமாவைக் கொண்டு ஆக்கியது அது. ஓட்ஸ் பால் பாதி, தேங்காய்ப் பால் பாதி என 400 மில்லிலிட்டரில் மூன்று கரண்டிப் பொடியைக் கரைத்துக் கெட்டியாகக் காய்ச்சி ஆற்ற வேண்டும். மே மாதக் கடைசியில் பெல்கிரேவ் சாலைக் கடைவாசல்களில் மாம்பழப் பெட்டிகள் அடுக்கத் தொடங்கியதும் நாங்கள் செய்வது இதுதான். ஊறிவிடுமாதலால் அன்றைக்கே, முடிந்தால் அந்த மணியிலேயே தின்றுவிட வேண்டும்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம்.

மாவை வீட்டில் செய்யாமல் வாங்கினால் அது சமையலாகுமா என்ற கேள்வியில் ஒரு நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆகவே செய்து பார்த்தோம். பிசைந்த மாவுக்குள் கொழுப்புப் பாளத்தை வைத்து மூடி, தேய்த்து, மூன்றாக மடித்து, குளிரவைத்து, திருப்பித் தேய்த்து, மீண்டும் மடித்து, இப்படி ஆறு முறை. மூன்றை ஆறு முறை பெருக்கினால் 729. அத்தனை படலக் கொழுப்பும் ஒன்றோடொன்று கலவாமல் நின்றால்தான், மாவிலுள்ள நீர் அடுப்பின் சூட்டில் ஆவியாகிப் படலங்களைத் தனித்தனியே தூக்கும். வெண்ணெய் ஏறத்தாழ 32 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். நாங்கள் வாங்கிய தாவர வெண்ணெய் அதற்கும் முன்பே இளகியது. சூலை மாதத்து ஞாயிறு அது, சமையலறையில் வெயில். நான்காம் மடிப்பில் மாவு பிளந்து கொழுப்பு பலகையெங்கும் வழிந்தது. நான்கு மணி நேரத்துக்குப் பின் எங்களிடம் இருந்தது, சப்பாத்திக்கும் பிஸ்கட்டுக்கும் இடைப்பட்ட ஒரு பொருள். அதையும் தின்றோம்.

இந்த மாவு என்றைக்கும் வீட்டுப் பெண்ணின் அன்றாட வேலையாக இருந்ததில்லை என்பதே எங்கள் கட்சி. குளிர்ந்த கல்மேசையும் பழகிய கையும் உள்ள தொழிற்காரர்கள் செய்தது அது. துருக்கி நகரங்களில் யுஃப்கா எனும் மெல்லிய மாவுத்தாளை அதற்கென்றே உள்ள கடைகளில் வாங்கி வந்துதான் வீட்டில் பலகாரம் செய்கிறார்கள். அந்த வீட்டம்மாவை யாரும் சோம்பேறி என்பதில்லை. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் பந்தியில் அப்பளம் போடுகிறோம். "அப்பளம் நீங்கள் இட்டதா?" என்று இக்காலத்தில் எவரும் கேட்பதில்லை. சேமியாப் பாயசத்தில் சேமியா யார் திரித்தது என்றும் கேட்பதில்லை. அயல்நாட்டுப் பண்டம் என்றதும் எங்கிருந்தோ ஒரு கறார் வந்துவிடுகிறது. அதுவும் சமைத்தவர் பெண்ணாயிருந்தால் கூடுதலாக வருகிறது. வாரம் ஐந்து நாள் மருத்துவமனைப் பணியில் நின்று வந்த ஒருவர், ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிடத்தில் ஒரு விருந்தாளியின் ஓராண்டு வாழைப்பழத்துக்கு முடிவு கட்டினார். ஆறு மடிப்புக்கு நேரம் ஒதுக்க வேண்டுமென்றால் அவர் அந்தத் தட்டை ஒருபோதும் செய்திருக்கமாட்டார். எளிதாக இருந்ததால் நடந்தது. உபசாரத்தின் அளவுகோல் உழைத்த மணிக்கணக்கு என்று கொண்டால், நேரமில்லாதவர் எவரும் எவருக்கும் விருந்திட முடியாது.

அடுத்தது, இந்தத் தாள் எப்படிப் பாலற்றதாயிற்று என்பது. எங்கள் நண்பரைப் போன்றவர்களை நினைத்து எந்த நிறுவனமும் இதைத் தொடங்கவில்லை. வெண்ணெய் விலை கூடியது, தாவரக் கொழுப்பு மலிவு, ஆலை எந்திரத்தின் சூட்டிலும் இளகாது. ஆகவே வெண்ணெய் போயிற்று. உறையில் 'முழுதும் வெண்ணெய்' என்று பெருமையாகப் போட்டிருக்கும் விலையுயர்ந்த சுருளில்தான் பால் இருக்கும். அதற்குக் கீழே மலிவாக அடுக்கியிருக்கும் சாதாரணச் சுருள்களுள் பலவற்றில் இராது. அமெரிக்காவில் பெப்பரிட்ஜ் ஃபார்ம் நிறுவனத்தின் உறைபனித் தாளும் இவ்வாறே, எவரும் திட்டமிடாமல் பாலற்றதாய் அமைந்து, அங்குள்ள நனிசைவர்களிடையே பேர்பெற்றது. அந்நிறுவனம் பிறந்ததும், 1937-ல் மார்கரெட் ரட்கின் என்ற அம்மையார், ஆஸ்துமாவால் வருந்திய தம் மகனுக்கு ஒத்துக்கொள்ளும் ரொட்டி சுடத் தொடங்கியதிலிருந்து.

நனிசைவம் என்ற சொல்லை இங்கே முதன்முதலாகப் பயன்படுத்திவிட்டோம். 'வீகன்' என்பதற்கு இணையாகத் தமிழில் சிலர் ஆக்கியிருக்கும் சொல் அது. எங்களுக்குள் இதில் கருத்து வேறுபாடு உண்டு. சைவம் என்பது நமக்கு ஒரு சமயத்தின் பெயரும்கூட. அதில் பாலும் நெய்யும் அபிடேகத்துக்குரியவை. அதற்கு முன் 'நனி' சேர்த்துப் பாலை விலக்குவது சற்று விநோதமாக ஒலிக்கிறது. எனினும் 'வீகன்' என்ற சொல்லும் ஒருவர் அறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டியதே. அந்த ஒருவர் எங்கள் ஊர்க்காரர் என்பதில் எங்களுக்குச் சிறு பெருமை. டொனால்ட் வாட்சன், மரவேலை ஆசிரியர், லெஸ்டரில் வாழ்ந்தபோது 1944 நவம்பரில், 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலையும் கடைசியையும் சேர்த்து நடுவை விட்டுவிட்டார். போர்க்காலம் அது. வெண்ணெய் ஆளுக்கு வாரம் சுமார் 57 கிராம், முட்டை கிடைத்தால் ஒன்று. இறைச்சிப் பங்கீட்டை விட்டுக்கொடுத்த சைவர்களுக்கு அரசு கூடுதலாகப் பாற்கட்டி கொடுத்தது. அந்தப் பாற்கட்டியும் வேண்டாம் என்று சொல்ல அக்காலத்தில் எவ்வளவு பிடிவாதம் தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். வாட்சன் 2005-ல், தம் 95-ஆம் வயதில் காலமானார்.

அவர் காலத்தில் மார்கரினை நம்பி ஒரு டார்ட் செய்திருக்க முடியுமா என்பதும் ஐயமே. 1869-ல் பிரான்சில் மூன்றாம் நெப்போலியன், ஏழைகளுக்கும் கடற்படைக்கும் மலிவான வெண்ணெய் மாற்று வேண்டுமென்று பரிசு அறிவித்தபோது, மேஜ்-மூரியே என்ற வேதியியலார் கண்டுபிடித்தது மார்கரின். அதில் இருந்தவை மாட்டுக்கொழுப்பும் ஆடை நீக்கிய பாலும். இன்று பசுவைக் காக்க நாம் எடுக்கும் பொருளின் பாட்டன் பசுவின் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கிறது. 1902-ல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன், திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியாக்க உரிமம் பெற்றார். மாட்டுக்கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாற அது வழிவிட்டது. நம் வீடுகளில் டால்டா வந்ததும் அந்த வழியில்தான். அப்படிப் பாதி கெட்டியாக்கும்போது விளையும் 'டிரான்ஸ்' கொழுப்பு இதயத்துக்குத் தீங்கு என்று தெளிந்தபின், 2015-ல் அமெரிக்கா அதை விலக்க முடிவெடுத்தது. 2022 சனவரியில் இந்தியா அதன் அளவை நூற்றுக்கு இரண்டாகக் கட்டுப்படுத்தியது. ஹைட்ரஜன் போகவேண்டும், ஆனால் கொழுப்பு கெட்டியாகவே இருக்கவேண்டும். இயல்பிலேயே பாதி உறைந்து நிற்கும் ஒரு தாவர எண்ணெய் அதற்கு வாகாய்க் கிடைத்தது.

அக்கா "வாசிச்சுப் பார்" என்றாரே, அந்தப் பெட்டியை நாங்களும் பிற்பாடு வாசித்தோம். கோதுமை மாவு, நீர், உப்பு, தாவர எண்ணெய். அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பாம்' என்று இருந்தது. ஐரோப்பாவில் 2014 திசம்பர் வரை அந்த அடைப்புக்குறிச் சொல்லைப் போடவேண்டிய கட்டாயம் இல்லை. 'தாவர எண்ணெய்' என்று பொதுவாக எழுதி விட்டுவிடலாம். சட்டம் மாறியதால் அச்சொல் அச்சேறியது.

மலேசியத் தமிழர் அதைச் செம்பனை என்பர். மேற்கு ஆப்பிரிக்கத் தாவரம். மலாயாவில் வாணிகத்துக்காக அதை முதன்முதலில் பயிரிட்டது 1917-ல், சிலாங்கூர் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில். அந்தத் தோட்டத்தின் பெயர் தெனாமரம். ஆங்கிலத்தில் எழுதியதை உரக்கப் படித்தால் தென்னைமரம் என்றே காதில் விழும். பயிரிட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இலக்கிய இதழ் வாசகர்களுக்கு இப்பெயர் எங்கோ கேட்டதாகத் தோன்றலாம். 1930-ல் 'மலேசி' என்ற நாவலுக்காகப் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவர் அவரே. உலகின் பெரும் இலக்கியப் பரிசு ஒன்றை வென்றவரும், இன்று பிஸ்கட் முதல் சோப்பு வரை ஊடுருவிய ஓர் எண்ணெயை மலாயாவில் தொழிலாக்கியவரும் ஒருவரே என்பது எங்கள் வட்டத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அக்கால மலாயாத் தோட்டங்களில் காடழித்து நட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள். அவர்கள் இரப்பர் மரத்தைப் பால்மரம் என்றார்கள். அகிலன் தம் நாவலுக்குப் 'பால் மரக் காட்டினிலே' என்று பெயர் வைத்தது அந்த வழக்கைக் கொண்டுதான். பின்னர் இரப்பர் விலை சரிந்தபோது பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டியதில்லை. தோட்டக் குடியிருப்பும் தோட்டக் கோயிலும் தோட்டத் தமிழ்ப்பள்ளியுமாக மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் பல, நகரத்து ஓரங்களுக்குப் பெயர்ந்தன. இன்று அக்காடுகளில் குலை வெட்டுவோர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள். 2020-ல் கட்டாய உழைப்பு ஐயத்தின்பேரில் மலேசியாவின் இரு பெரும் நிறுவனங்களின் எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. அவற்றுள் ஒன்றின்மீதான தடை 2023-ல் நீங்கியது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் அழிந்த காட்டைப் பற்றி வாசகர் அறிவர். உலகின் செம்பனை எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இவ்விரு நாடுகளிலிருந்தே வருகிறது.

ஆக, பசுவை விட்டுவிட்டு நாம் கை வைத்த இடம் வெறும் இடமன்று. இதைக் கண்டதும் எங்களுள் ஒருவர், அப்படியானால் வெண்ணெய்ச் சுருளே மேல், அதை இங்கிலாந்துப் புல்வெளி மாடு தருகிறது என்றார். நண்பரை வாழைப்பழத்துக்கே திருப்பி அனுப்பும் இந்த வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. செம்பனையைக் குறை சொல்வதால் பால் பண்ணைக் கன்றுக்கு நேர்வது நேராமல் போய்விடாது. மேலும், ஒரே அளவு நிலத்தில் சோயாவைக் காட்டிலும் சூரியகாந்தியைக் காட்டிலும் செம்பனை பல மடங்கு எண்ணெய் தரும். எல்லாரும் அதைக் கைவிட்டால் வேறு எண்ணெய்க்காக இன்னும் கூடுதலான நிலம் உழப்படும். ஆனால் 'எவ்வுயிர்க்கும் தீங்கற்றது' என்று பச்சை எழுத்தில் அச்சிட்ட உறையைக் கண்டு மனம் குளிர்ந்துபோவதும் நடக்கிறது. அதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். உறையில் பசு இல்லை என்பதற்குப் பொருள் மாவில் பசு இல்லை என்பது மட்டுமே.

என்ன செய்யலாம் என்றால், பெட்டியை வாசித்து வாங்கலாம். 2004-ல் தொடங்கிய செம்பனை வட்டமேசை அமைப்பின் சான்று சில சுருள்களில் இருக்கும். அதிலும் இரு தரம் உண்டு. சான்று பெற்ற எண்ணெயைத் தனியே பிரித்துக் கொணர்வது ஒன்று. மற்ற எண்ணெயோடு கலந்துவிட்டு, கணக்கில் மட்டும் இத்தனை பங்கு சான்று பெற்றது என்று காட்டுவது மற்றொன்று. முன்னதே உருப்படியானது. இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் பக்கத்து அடுக்கில் ஃபிலோ தாள் இருக்கிறது. பெரும்பாலும் மாவு, நீர், உப்பு, சிறிது எண்ணெய், அவ்வளவே. கொழுப்பை நாமே தடவிக்கொள்ள வேண்டும் என்பதால், அது ஆலிவா, கடுகினத்து ரேப்சீடா, கடலையா என்பது நம் கையில். ஐந்தாறு தாளை ஒன்றன்மேல் ஒன்றாக எண்ணெய் தடவி அடுக்கி, விளிம்பைக் கசக்கிச் சுருட்டிவிட்டால் ஒரு தட்டு அமைந்துவிடும். உப்பாது, ஆனால் கறுமுறுவென்றிருக்கும். சாறு மிகுந்த பிளம் இதற்கு ஒத்துவராது. மெல்லிதாகச் சீவிய ஆப்பிள் நன்று. ருசியில் நாங்கள் பஃப் தாளுக்கே வாக்களிப்போம், அதையும் மறைக்க வேண்டியதில்லை. அதே சமயம், வெண்ணெயில்லாத பஃப் தாள் மேலண்ணத்தில் ஒரு மெழுகுப் பூச்சை விட்டுச் செல்கிறது. வெண்ணெய் வாயின் சூட்டில் உருகிவிடும். ஆலைக் கொழுப்பு அவ்வளவு எளிதில் உருகாது. புளிப்புள்ள பழம் போட்டால் இக்குறை பாதி மறையும். ஆகவேதான் பிளம், ஆப்ரிகாட், நெல்லிப்பழத்தை ஒத்த கூஸ்பெரி. இனிப்பான பழத்தை இதில் போட்டால் திகட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'பால் கலந்திருக்கக்கூடும்' என்று உறையில் சிறிய எழுத்தில் இருந்தால் அது கொள்கைக்காகப் பால் தவிர்ப்பவரைப் பற்றியதன்று. அதே ஆலையில் வெண்ணெய்ச் சுருளும் ஓடுகிறது, எந்திரத்தில் ஒட்டியது வந்திருக்கலாம் என்று பால் ஒவ்வாமை உள்ளவர்க்கு விடும் எச்சரிக்கை அது. விருந்தாளி எந்த வகை என்று கேட்டுவிட்டே அடுப்பை மூட்ட வேண்டும். எங்கள் நண்பர் முதல் வகை. அவர் அவ்வரியைப் படித்துவிட்டுத் தோளைக் குலுக்கினார்.

தெனாமரத்துக் கதையையும் அவரிடம் சொன்னோம். சொல்லலாமா என்று முதலில் தயங்கினோம். கிடைத்த ஒரு பலகாரத்தையும் பறித்ததாகிவிடுமோ என்ற அச்சம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தம் தாத்தாவின் தம்பி ஒருவர் கிள்ளானுக்குப் போனவர், கடிதம் நின்றுபோனது, அதற்குமேல் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்றார். அடுத்த மாதக் கூட்டம் அவர் வீட்டில்தான். ஃபோகோனியேயின் நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து வருவதென்று முடிவாகியிருக்கிறது. நூலகத்தில் ஒரு படியைத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஃபிலோ தாள் வாங்கிவிட்டதாகவும், ஆப்பிள் மட்டும் யாரேனும் கொண்டுவந்தால் போதுமென்றும் அக்காவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்.